பயணிகள் கப்பலில் செலுத்து மேடை நுழைவு

செலுத்து மேடை என்பது ஒரு கப்பலின் திசை, வேகம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அலுவலர்கள் பணியாற்றும் உயரமான அறையாகும். மாலுமிகள் இதனை பிரிட்ஜ் என்றே அழைக்கின்றனர். சுக்கான் கட்டுப்பாடு, ராடார், திசைகாட்டி, மின்னணுக் கடல் வரைபடம், வானொலிக் கருவிகள் ஆகியன இங்கு அமைந்துள்ளன. உல்லாசக் கப்பல்களில் பயணம் செய்வோர் இம்மேடையைப் பார்வையிட ஒரு காலத்தில் எளிதாக அனுமதிக்கப்பட்டனர். இன்று பெரும்பாலான பெரிய கப்பல்களில் அது பூட்டப்பட்ட இடமாகும்.

பெயர்க் காரணம்

பாலம் என்று பொருள்படும் சொல் ஓர் அறைக்கு வழங்குவது வியப்பாகத் தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டின் நீராவிக் கப்பல்களில் இருபுறமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருந்தன. அவற்றை மூடிய கூடுகள் முன்புறப் பார்வையை மறைத்தன. எனவே இரு கூடுகளையும் இணைத்து மேலே ஒரு நடைபாலம் அமைக்கப்பட்டது; கப்பல் தலைவர் அதன் மீது நின்று கட்டளையிட்டார். சக்கரங்கள் மறைந்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது.

தமிழகப் பயணிகளும் கப்பல்களும்

திருச்சிராப்பள்ளி கடலில்லா ஊராயினும் கப்பல் பயணத்துடன் நெடிய தொடர்புடையது. நாகப்பட்டினத்தையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் தொடருந்துப் பாதை 1860களின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. மலாயாவுக்குச் செல்வோர் இவ்வழியே நாகப்பட்டினம் சென்று கப்பலேறினர். பிரித்தானிய இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் 'ரஜூலா' என்னும் கப்பல் இவற்றுள் புகழ்பெற்றது. 1926இல் கட்டப்பட்ட இக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட, பயணிகள் படகுகளில் சென்று ஏறினர்.

ரஜூலா தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற அவர்களுக்குச் செலுத்து மேடை எட்டாத இடமே. அக்காலக் கப்பல்களில் மேடையைப் பார்வையிடுவது உரிமையன்று. கப்பல் தலைவர் தம் விருப்பப்படி காட்டும் மரியாதை. அது பெரும்பாலும் உயர் வகுப்பு அறைகளில் பயணித்தோருக்கே கிடைத்தது. 'முன்பு எல்லோரும் போய்ப் பார்த்தார்கள்' என்னும் கூற்றை இதனை நினைவிற்கொண்டே ஏற்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் 'எம்ப்ரெஸ்' என்னும் உல்லாசக் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணங்களைத் தொடங்கியது. 2023 ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் படகுச் சேவையும் தொடங்கப்பட்டது.

தடைக்கான இரு காரணங்கள்

மேடை மூடப்பட்டதற்குப் பாதுகாப்பே காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் காரணங்கள் இரண்டு; அவை வேறு வேறானவை.

முதலாவது வன்முறை அச்சம். 1985 அக்டோபரில் 'அக்கிலே லாரோ' என்னும் இத்தாலியப் பயணிகள் கப்பல் கடத்தப்பட்டு ஒரு பயணி கொல்லப்பட்டார். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின்னர், பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2002 டிசம்பரில் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அது 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒவ்வொரு கப்பலும் தனக்கெனப் பாதுகாப்புத் திட்டம் வகுத்து, தடைசெய்யப்பட்ட பகுதிகளை அதில் குறிக்க வேண்டும். செலுத்து மேடையும் இயந்திர அறையும் அவற்றுள் முதன்மையானவை. இவ்விதிகள் பன்னாட்டுப் பயணம் செய்யும் பயணிகள் கப்பல்களுக்கு உரியவை.

இரண்டாவது காரணம் கவனச் சிதறல். இதில் தீய நோக்கமுடைய எவரும் இருக்க வேண்டியதில்லை. 2012 ஜனவரி 13 இரவு 'கோஸ்டா கான்கார்டியா' என்னும் கப்பல், இத்தாலியின் சீலியோ தீவைக் கரையோரமாக நெருங்கிக் கடந்து மரியாதை செலுத்த முயன்று பாறையில் மோதியது. கப்பலில் 4,200க்கும் மேற்பட்டோர் இருந்தனர்; 32 பேர் உயிரிழந்தனர். அவ்வேளையில் மேடையில் கப்பல் தலைவரின் விருந்தினர் ஒருவரும், கப்பல் செலுத்துதலுடன் தொடர்பற்ற ஊழியர் சிலரும் இருந்தனர். தலைவர் கரையிலிருந்த ஒருவருடன் தொலைபேசியிலும் பேசியிருந்தார். விபத்துக்கு முதற்காரணம் அவர் தேர்ந்த ஆபத்தான வழியே. எனினும் மேடையில் வேற்றாட்கள் இருந்ததை இத்தாலிய விசாரணை கவனத்தைக் குலைத்த காரணிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. அவர்கள் பாதுகாப்புச் சோதனை அனைத்தையும் கடந்து வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2004இன் விதி அவர்களைத் தடுக்கவில்லை, தலைவரே அழைத்திருந்தார்.

இதன் பின்னர் உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் சங்கங்கள் 2012இல் புதிய கொள்கையொன்றை அறிவித்தன. துறைமுகத்தில் நுழையும்போது, வெளியேறும்போது, நெருக்கடியான நீர்வழியில் செல்லும்போது, பணிக்குரியோர் தவிர எவரும் மேடையில் இருக்கலாகாது என்பது அதன் சாரம். இது கப்பல் தலைவரின் மரியாதை அழைப்புக்கு எல்லை வகுத்தது எனலாம்.

இன்றைய நடைமுறைகள்

சில கப்பல்கள் மேடையின் பின்புறச் சுவரில் கண்ணாடிச் சாளரம் அமைத்துள்ளன. 'குயின் மேரி 2' கப்பலிலும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் சில கப்பல்களிலும் பயணிகள் இதன்வழி அலுவலர்களின் பணியைக் காணலாம். திருவரங்கம் கோயிலுக்குச் சென்றோருக்கு இது புதிதன்று: அங்கும் மண்டப மாடியொன்றில் ஏறினால், உட்செல்லாமலேயே பொன் வேய்ந்த விமானத்தைக் கண்டு திரும்பலாம். கணினித் துறையினர் இதனைப் படிக்க மட்டும் அனுமதி என்பர். இரவில் சாளரத்திரை இழுத்து மூடப்படும். இருட்டுக்குப் பழகிய காவல் அலுவலரின் கண்ணை வெளிச்சம் கெடுக்கும் என்பதால்.

வேறு சில நிறுவனங்கள் சமையற்கூடம், சலவைக்கூடம் ஆகியவற்றுடன் மேடையையும் சேர்த்துக் கட்டணச் சுற்றுலாவாகக் காட்டுகின்றன. சிறு குழுக்களே அனுமதிக்கப்படும்.

அண்டார்க்டிக்கா போன்ற பகுதிகளுக்குச் செல்லும் சிறு ஆய்வுச் சுற்றுலாக் கப்பல்கள் விதிவிலக்கு. பயணிகள் நூற்றுவர் அளவிலேயே இருப்பதால் ஒவ்வொருவரையும் ஊழியர் அறிவர். இவற்றுட் சிலவற்றில் பகல் முழுதும் மேடைக் கதவு திறந்தே இருக்கும். பயணிகள் அலுவலருடன் நின்று திமிங்கிலம் தேடுவர். வழிகாட்டி மாலுமி ஏறும்போதோ கடினமான பனிப்பகுதியில் நுழையும்போதோ அவர்கள் வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுவர்.