சோறும் வேண்டும், எடையும் குறைய வேண்டும்

எடையைக் குறைப்பது என்று ஒரு வீட்டில் முடிவாகிவிட்டால் முதலில் தள்ளிவைக்கப்படுவது சோறுதான். அடுத்து உருளைக்கிழங்கு, அதற்கடுத்து இட்லி. அவற்றின் இடத்துக்குச் சப்பாத்தி வருகிறது, ஓட்ஸ் வருகிறது, விலை கூடிய சிறுதானிய மாவுப் பொட்டலம் வருகிறது. மூன்று நான்கு வாரம் ஓடும். அதற்குள் ஒரு கல்யாணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, பிள்ளை இளைத்துவிட்டானே என்று ஊரிலிருந்து வந்து வருந்தும் அம்மா. பழைய தட்டும் பழைய எடையும் சேர்ந்தே திரும்பிவிடும். இவ்வளவு பாடு தேவையில்லை. மாவுச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டே எடை குறைக்க முடியும். ஆனால் இப்போது தட்டில் விழுகிற அளவிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடியாது.

முதல் வாரத்து இரண்டு கிலோ

சோற்றை நிறுத்திய ஒரே வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டது என்று பலர் சொல்வது உண்மைதான். இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாகிறது. உடனே செலவாகாததில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கின்றன. பெரியவர் ஒருவரின் உடம்பில் இந்த இருப்பு சுமார் அரைக் கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் தங்கியிருக்கும். சோறு நின்றதும் இருப்பு கரைகிறது, தண்ணீர் சிறுநீராகப் போகிறது. எடை மெஷினில் எண் இறங்கும்; வயிற்றுக் கொழுப்பு அதிகம் அசைந்திருக்காது. மறுபடி இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டால் தண்ணீர் திரும்பிவிடும். "சோறு தொட்டதும் எடை ஏறிவிட்டது, பார்த்தீர்களா" என்ற பயம் இங்கேதான் பிறக்கிறது.

நீண்ட நாள் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குக் கொழுப்பு குறைந்த உணவு, மற்றவர்களுக்கு மாவுச்சத்து குறைந்த உணவு என்று ஓராண்டு பின்தொடர்ந்தது. 2018-இல் முடிவு வெளியானது. முதல் சாரார் சராசரியாக 5.3 கிலோ, இரண்டாம் சாரார் 6 கிலோ குறைந்திருந்தார்கள். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. இரு சாராருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட அறிவுரைதான் கவனிக்க வேண்டியது: காய்கறியைக் கூட்டுங்கள், சர்க்கரையையும் மைதா போன்ற தீட்டிய மாவையும் குறையுங்கள்.

அரிசி தின்றே இளைத்தவர்கள்

ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1939-இல் ஒரு விசித்திரமான சிகிச்சையைத் தொடங்கினார். கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் கொண்டவர்களுக்கு வெள்ளை அரிசிச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. பிற்காலத்தில் இதையே அளவு குறைத்து, மிகவும் பருத்தவர்களுக்குக் கொடுத்தார். 1975-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, குறைந்தது 45 கிலோ இளைத்த 106 பேரைப் பற்றியது. சராசரியாக ஒருவர் இழந்தது சுமார் 64 கிலோ.

இதைப் படித்துவிட்டு யாரும் வெறும் சோறும் சர்க்கரையுமாக ஆரம்பித்துவிட வேண்டாம். இளைத்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்த கணக்கு அது. மருத்துவர்களின் கண்காணிப்பில், மிகக் குறைந்த கலோரியில், புரதம் பெயரளவுக்கே இருந்த உணவு. நமக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: சோறு உள்ளே போனாலே கொழுப்பு கரையாது என்ற பேச்சு நிற்காது. ஜப்பானின் ஒகினாவா தீவில் 1949 வாக்கில் மக்களுக்குக் கிடைத்த கலோரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைவள்ளிக்கிழங்கிலிருந்து வந்தது. ஒல்லியான உடம்புக்கும் நீண்ட ஆயுளுக்கும் பெயர் வாங்கிய தலைமுறை அது. உடம்பை முறித்து உழைத்தவர்கள், எண்ணெயும் சர்க்கரையும் அதிகம் காணாதவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

உருளைக்கிழங்கு செய்த பாவம் என்ன?

1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில், அதாவது 240 கலோரிக்குக் கொடுத்து, எது எவ்வளவு பசியை அடக்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் வெள்ளை அரிசிச் சோற்றுக்கு 138, வெண்ணெய் மடித்துச் சுட்ட குரோசான் ரொட்டிக்கு 47. முதலிடம் அவித்த உருளைக்கிழங்குக்கு, 323.

காரணம் எளிது. 100 கிராம் அவித்த உருளைக்கிழங்கில் சுமார் 87 கலோரிதான். மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். அதையே சீவி எண்ணெயில் பொரித்துச் சிப்ஸாக்கினால் தண்ணீர் போய் எண்ணெய் ஏறுகிறது. 100 கிராமில் 500 கலோரியைத் தாண்டிவிடும். கிழங்கு அதே கிழங்குதான். அவித்த மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்கூட மாலைப் பசிக்கு முறுக்கையும் மிக்சரையும்விட எவ்வளவோ மேல்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கிறோம். சாம்பார் சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதத்துக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று மாவுக்கு மாவே துணை. உருளைக்கிழங்கு சமைக்கிற நாளில் அதைச் சோற்றுக் கணக்கில் வையுங்கள். ஒரு கரண்டி சோறு குறையட்டும்.

மூன்று சுற்றுச் சோறு

நம் சாப்பாட்டின் அமைப்பையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதலில் குழம்புச் சோறு, பிறகு ரசச் சோறு, கடைசியில் மோர்ச் சோறு. குழம்பு, ரசம், மோர் மூன்றுக்கும் சோறுதான் வாகனம். பொரியல் தொட்டுக்கொள்ள மட்டும், இரண்டு ஸ்பூன். பருப்பு, தண்ணியான சாம்பாரில் எங்கோ கரைந்திருக்கிறது. இப்படிச் சாப்பிட்டு எழுந்திருப்பவர் தட்டில் 400 கிராம் வெந்த சோறு போயிருந்தால் ஆச்சரியமில்லை. 100 கிராம் சோற்றுக்குச் சுமார் 130 கலோரி என்றால், சோறு மட்டுமே 520.

இந்தியர்கள் பெறும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2025-இல் சொன்னது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காயும் பழமும் சேர்த்து 500 கிராம் என்று பரிந்துரைக்கிறது. இவை சமைக்காத எடைகள். நம்மில் பெரும்பாலோர் தானியத்தில் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். பருப்பிலும் காயிலும் பாதியைக்கூட எட்டுவதில்லை.

எடை குறைக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, நாளொன்றுக்கு ஓர் ஆழாக்கு அரிசி, அதாவது ஏறத்தாழ 150 கிராம். இட்லி மாவிலிருக்கும் அரிசியும் இதில் அடக்கம். வெந்தால் 400 கிராமை ஒட்டி வரும். அதை இரண்டு மூன்று வேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். சுற்றைக் குறைப்பதுதான் இதற்கு வலியில்லாத வழி. குழம்புக்கு மட்டும் சோறு. ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. காலியான இடத்தில் கெட்டிப் பருப்பு, கூட்டு, கீரைக் கடைசல், சுண்டல், முட்டை, குழம்பு மீன் எது கைவருமோ அது வரட்டும். இரண்டு ஸ்பூன் பொரியல் என்பது தட்டில் பாதியாக வேண்டும். இதில் தேங்காயையும் எண்ணெயையும் தாராளமாகக் கொட்டினால் சோற்றில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே செலவாகிவிடும்.

சாப்பிடுகிற வரிசையும் உதவும். காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டபோது, நீரிழிவு உள்ளவர்களுக்கு உணவுக்குப் பிந்தைய ரத்தச் சர்க்கரை கணிசமாகக் குறைந்ததை நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-இல் காட்டியது. அது 11 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறு ஆய்வு. ஆனாலும் பொரியலை முதலில் தின்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. வயிறு பாதி நிறைந்தபின் சோற்றுக்குக் கை தானாகவே மெதுவாகப் போகும்.

இட்லி நல்லது, பொடிக்கு ஊற்றும் எண்ணெய்?

ஓர் இட்லிக்கு 60 கலோரி இருக்கலாம். மூன்று இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார் என்றால் காலை உணவாக அருமையானது. அதே மாவைக் கல்லில் ஊற்றிச் சுற்றிலும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் ஒரு தோசையில் கூடுதலாக 80, 90 கலோரி. இட்லிக்கே மிளகாய்ப் பொடி குழைக்க நல்லெண்ணெய் குளமாக நின்றால் அங்கும் இதே கதை. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தருகிறது, எண்ணெய் 9. பூரி, வடை, பரோட்டா, பிரியாணி எல்லாவற்றிலும் பழியை மாவு சுமக்கிறது. வேலையில் பாதியைச் செய்வது எண்ணெய்.

இன்னொரு திருடன் டீ தம்ளரில் இருக்கிறான். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. ஒரு பெரிய கரண்டிச் சோற்றுக்கு ஈடு, ஆனால் பசி அடங்காது. கூடவே நாலு பிஸ்கட். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-இல் செய்த சோதனையில், ஆலையில் அதிகமாகப் பதப்படுத்திய உணவு கொடுத்தபோது அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மெல்ல வேண்டாத உணவு வேகமாக உள்ளே போகிறது.

சப்பாத்தி, சிறுதானியம், பழைய சோறு

ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது இன்று ஊரறிந்த விரதம். எண்ணெய் தடவிச் சுட்ட மூன்று சப்பாத்தி 400 கலோரியை நெருங்கும். 300 கிராம் சோறும் அவ்வளவுதான். அப்புறம் குருமா வேறு. சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம், சோற்றை எண்ணுவதில்லை. எடைக் கணக்கில் சப்பாத்திக்கு இருக்கிற ஒரே மகிமை அதுதான். சோற்றுக்கும் ஒரு கரண்டியைக் கணக்காக வைத்துக்கொண்டால் ராத்திரியிலும் சோறு சாப்பிடலாம்.

தினை, வரகு, சாமை, கேழ்வரகுக்கு நார்ச்சத்தும் தாதுச்சத்தும் தீட்டிய அரிசியைவிட அதிகம். கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. மேலே சொன்ன 2025 ஆய்வே, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியை விட்டுவிட்டுக் கோதுமைக்கும் சிறுதானிய மாவுக்கும் மாறுவதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்றது. மாவுச்சத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வந்தபோதுதான் பலன் தெரிந்தது. ஆகவே, வரகுப் பொங்கலில் நெய் மிதக்கவிட்டு மனசாட்சியைச் சமாதானப்படுத்த வேண்டாம். அரிசியிலேயே தேர்ந்தெடுப்பதென்றால், பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி ரத்தச் சர்க்கரையைப் பொதுவாக மெதுவாக ஏற்றும்.

பழைய சோற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் உலவும் பெருமைகளுக்கு அளவில்லை. வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்குப் போகிறது. பெருங்குடலில் நல்ல கிருமிகளுக்கு இரையாகிறது. இது உண்மை. அளவுதான் சிறிது: ஓர் ஆய்வில், புதுச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த இந்த வடிவ மாவுச்சத்து, 24 மணி நேரம் குளிரவைத்துச் சூடாக்கியபின் 1.65 கிராம். 2015-இல் இலங்கை மாணவர் ஒருவர், அரிசியைத் தேங்காயெண்ணெய் விட்டு வேகவைத்துக் குளிரூட்டினால் கலோரியைப் பாதி வரைகூடக் குறைக்க வழியுண்டு என்று அமெரிக்க வேதியியல் மாநாட்டில் சொன்ன செய்தி உலகைச் சுற்றியது. அது ஆய்வுக்கூடத்துக் கணிப்பு, மனிதர்களிடம் அளந்த முடிவல்ல. பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம் என்பது கொளுத்தும் வெயிலில் இதமான, நீர் நிறைந்த சாப்பாடு. அதற்காகச் சாப்பிடுங்கள். உடன் வரும் வற்றலையும் ஊறுகாயையும் மட்டும் கண்டுகொள்ளுங்கள், உப்பு அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு, எவ்வளவு வேகத்தில்?

நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகுக்கு உடல் நிறை எண் 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை. 25 தாண்டினால் உடல்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. மாதம் இரண்டு கிலோ குறைந்தால் போதும், அதுவே நல்ல வேகம். தினமும் எடை பார்த்துக் கவலைப்படுவதைவிட, மாதம் ஒருமுறை தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் அளப்பது நிஜத்தைச் சொல்லும். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரைக்கு நல்லது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் உடற்பயிற்சியும் வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

மருத்துவரைக் கேட்டபின் தொடங்க வேண்டியவர்கள்

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் சோற்றைச் சட்டென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழலாம்; வியர்வை, நடுக்கம், படபடப்பு அதன் அறிகுறிகள். உணவு குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பருப்பைக் கூட்டுவதும் உருளைக்கிழங்கு, கீரை மூலம் பொட்டாசியம் ஏறுவதும் ஒத்துவராமல் போகலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது எடை குறைக்கும் காலமல்ல. முயற்சி எதுவும் செய்யாமலே எடை வேகமாகக் குறைந்தால் மகிழ்ந்து இருந்துவிடாமல் பரிசோதனைக்குப் போங்கள். கண்டறியப்படாத நீரிழிவும் தைராய்டு கோளாறும் காசநோயும் அப்படி முதலில் தலைகாட்டலாம்.