ஆமையைத் தொட விடுகிற கைடு

‘ஆமை கேரண்டி. கோப்ரோ வீடியோ இலவசம். நீச்சல் தெரியத் தேவையில்லை.’

லட்சத்தீவு, அந்தமான் சுற்றுலாவுக்கு வாட்ஸ்அப்பில் வரும் நோட்டீஸ்களில் இந்த மூன்று வரிகளையும் ஏதாவது ஒரு வடிவில் பார்த்திருப்பீர்கள். 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடலில் ஸ்நார்கெலிங் செய்த படங்கள் வெளிவந்த பிறகு அந்தத் தீவுகளைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். முகத்தில் மாஸ்க், வாயில் மூச்சுக்குழாய், காலில் ஃபின்ஸ். கைடு முன்னே போக, பின்னால் குப்புற மிதந்தபடி அடியில் மேயும் ஆமையைப் பார்க்கலாம். சின்னக் குழந்தையும் செய்யும் என்கிறார்கள். அதனால்தான் ஹோட்டல் அறைக்கு ஏ.சி. உண்டா என்று நான்கு முறை கேட்கிற குடும்பங்கள்கூட, கடலில் இறங்குவது பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் பணம் அனுப்பிவிடுகின்றன.

முதல் வரியிலிருந்து பார்ப்போம். லட்சத்தீவில் பல தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை அரண்போல நிற்கிறது. அரணுக்கு உள்ளே ஆழம் குறைந்த, அலையடங்கிய லகூன். அதில் வளரும் கடற்புல்லை மேய வருவது பேராமை. வளர்ந்த பேராமை நூறு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அகத்தித் தீவில் ஆமைகள் கூடிக் கடற்புல்லை மொட்டையடித்துவிட்டன, அதனால் மீன் குறைந்துவிட்டது என்று மீனவர்கள் முறையிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்கு அதிசயமாகத் தெரிவது அந்த மீனவருக்கு வயலில் இறங்கிய மாடு. ஆகவே மழைக்காலம் தவிர்த்து, கடல் தெளிந்திருக்கும் மாதங்களில் போனால் ஆமையைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு.

வாய்ப்பு வேறு, கேரண்டி வேறு. காட்டு விலங்கு நேரத்துக்கு வந்து நிற்காது. காசு வாங்கியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவருக்கு இருக்கும் வழிகள் மூன்றுதான்: துரத்திக் கொண்டுவருவது, தீனி காட்டி இழுப்பது, பிடித்து நிறுத்துவது. மூன்றும் குற்றம். இந்தியக் கடல்களில் காணப்படும் ஐந்து வகைக் கடலாமைகளும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், அதாவது புலி, யானைக்குச் சமமான இடத்தில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் 2(16)-ஆவது பிரிவைப் படித்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். கொல்வது மட்டும் வேட்டையல்ல. பிடிப்பது, விரட்டுவது, இரை காட்டி வரவழைப்பது, அதற்கெல்லாம் முயல்வது, அத்தனையும் வேட்டைதான். முதல் அட்டவணை விலங்கு என்றால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். விரல் தவறிப் பட்டதற்கெல்லாம் யாரும் உள்ளே போகப்போவதில்லை. ஆனால் கைடு பின்பக்கமாக வந்து ஓட்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு, ‘சார், சீக்கிரம் வாங்க’ என்று உங்களை அழைப்பது தவறிப் பட்டதல்ல. அந்தப் படத்தில் நீங்களும் சிரித்துக்கொண்டு இருப்பீர்கள்.

பிடித்தால் ஆமைக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆமை மீனல்ல, செவுள் கிடையாது. ஓய்வாகக் கிடக்கும்போது மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்திருக்கும். மேய்ந்துகொண்டும் நீந்திக்கொண்டும் இருக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். மேலே வருகிற பாதையில் எட்டுப் பேர் வட்டமாக மிதந்தால், அது பாதியிலேயே திரும்பி, மூச்செடுக்காமல் கீழே போகும். மறுபடி முயலும், மறுபடி திரும்பும். ஹவாயில் ஆமையிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளியிருங்கள் என்று அரசே அறிவுறுத்துகிறது. நேர் மேலே மிதக்காமல் பக்கவாட்டில் நின்று, அது எழும்பும் வழியை விட்டுவிடுவதுதான் முறை. அப்படி விட்டால் பல நேரம் ஆமை உங்களைக் கண்டுகொள்ளாமல் கடற்புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். துரத்தியவர்களுக்குக் கிடைப்பது அதன் பின்பக்கம்தான்.

பவளத்தின் மீது நின்று இளைப்பாறுவதும் இதே கணக்குதான். கல் போலத் தெரிவது உயிர். கல்பவளங்களும் முதல் அட்டவணையில் உண்டு. ‘கால் ஊன்றிக்கோங்க’ என்று பவளத்தைக் காட்டும் கைடைப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். உடம்புக்கு சன்ஸ்கிரீனை அள்ளிப் பூசுவதைவிட முழுக்கை நீச்சலுடை நல்லது. பவளத்தைப் பாதிப்பதாகச் சொல்லி ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021-இலிருந்து தடை செய்திருக்கிறது.

இரண்டாவது வரி, இலவச வீடியோ. இதில் சொல்ல அதிகமில்லை. கேமராவின் திரையைப் பார்க்கிறவர் உங்களைப் பார்க்க முடியாது. ஒரு கைடு, ஆறு விருந்தாளி, ஒரு கேமரா என்றால் ஒருவருக்கு வீடியோ எடுக்கும் நேரத்தில் மற்ற ஐந்து பேருக்கும் கைடு இல்லை என்று பொருள். வீடியோவுக்குத் தனி ஆள் உண்டா என்று கேளுங்கள்.

மூன்றாவது வரிதான் ஆளை விழுங்குகிறது. லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், உண்மை. ஸ்நார்கெலிங்கில் ஆபத்து மூழ்குவதில் மட்டும் இல்லை, மூச்சு விடுவதிலேயே இருக்கிறது. ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் இப்படி இறப்பது தொடர்ந்ததால் அங்கே தனியாக ஓர் ஆய்வு நடந்து, 2021-இல் அறிக்கை வந்தது. அலையில் சிக்கித் தத்தளித்து, தண்ணீர் குடித்து மூழ்கியவர்கள் என்று நினைத்திருந்த பலரிடம் அந்த அடையாளம் இல்லை. குழாய் வழியே காற்றை இழுக்க நெஞ்சு கூடுதலாக உழைக்க வேண்டும். குழாயின் உள்வாய் குறுகலாகவோ வால்வுகள் அதிகமாகவோ இருந்தால் இன்னும் கூடுதல். அதோடு நீச்சலின் உழைப்பும் இதயக் கோளாறும் சேர்ந்தால் நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்துவிடுகிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. நீண்ட விமானப் பயணம் முடிந்த கையோடு இறங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வு எச்சரித்தது.

வெளியிலிருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும்? கூச்சல் இல்லை, கை உதறல் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் குப்புற மிதக்கிறார். ஆமையை ரசிக்கிறார் என்றுதான் பக்கத்தில் இருப்பவருக்குத் தோன்றும். ஃபின்ஸ் அசைவது நின்றுபோயிருக்கும். அதைக் கவனிப்பதற்குத்தான் கைடு. நல்ல கைடு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி எண்ணுவார், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ‘ஓகே’ சைகை காட்டி, பதில் சைகை வரும்வரை நகரமாட்டார்.

தண்ணீர் ஏதும் குடிக்காமலே மூச்சு வாங்கினால், ‘இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம்’ என்று இருக்கக் கூடாது. குழாயை வாயிலிருந்து எடுங்கள், மல்லாந்து திரும்புங்கள், கையை உயர்த்துங்கள், உடனே வெளியேறுங்கள். முகம் முழுவதும் மூடும் மாஸ்க்கில் இந்த முதல் வேலையே கஷ்டம். பதற்றத்தில் வார் கழற்றத் தெரியாமல் போகும், சாதாரண குழாயென்றால் துப்பிவிடலாம். இதயம், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: முதலில் இடுப்பளவுத் தண்ணீரில், கால் எட்டும் இடத்தில், பத்து நிமிடமாவது பழகுங்கள். ‘அதுக்கெல்லாம் டைம் இல்ல மேடம், அடுத்த பேட்ச் வெயிட்டிங்’ என்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

அந்தமானில் இன்னொரு பயமும் உண்டு. அங்கே உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. 2010-இல் ஹேவ்லாக் தீவில் ஸ்நார்கெலிங் செய்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை வைத்த கரையில் ‘ஒண்ணும் ஆகாது’ என்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் போனில் கேட்க வேண்டியவை: ஒரு கைடுக்கு எத்தனை பேர், அவர் உயிர்காக்கும் பயிற்சி பெற்றவரா, படகில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா, குழந்தையின் எடைக்கு ஏற்ற ஜாக்கெட் உண்டா, ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எவ்வளவு நேரத்தில். அகத்தியில் மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் சுமார் 450 கிலோமீட்டர் கடல் தாண்டிக் கொச்சிக்குப் போக வேண்டும். பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: ‘ஆமையைத் தொடலாமா?’ இந்தக் கேள்விக்கு வரும் பதில் மற்றெல்லாப் பதில்களையும் எடைபோட்டுக் காட்டிவிடும் என்பது என் கருத்து. சட்டம் தடுத்ததைக் கேமராவுக்காக மீறுகிறவர், யாரும் பார்க்காத ஆக்ஸிஜன் சிலிண்டரை ஒழுங்காக நிரப்பி வைத்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்தத் தாள். படகு கிளம்பும் நேரத்தில், நனைந்த பேனாவோடு, பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு படிவம் நீட்டுவார்கள். போன் ஏற்கெனவே பையில் போயிருக்கும். ‘உயிருக்கும் உடைமைக்கும் நிறுவனம் பொறுப்பல்ல, என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்பதே அதன் சாரம். கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் அடிபட்ட பிறகும் பேசாமல் ஊர் திரும்புகிறார்கள். கடலுக்கென்றே உள்ள ஆபத்தை ஏற்றுக்கொண்டதற்கு அந்தத் தாள் அத்தாட்சி ஆகலாம். கைடின் அலட்சியத்துக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘சேவைக் குறைபாடு’ என்பதற்குள் நுகர்வோருக்கு இழப்போ காயமோ உண்டாக்கும் கவனக்குறைவையும், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது, அது செல்லாது என்று வாதாட வேண்டுமானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இழப்பீடு கேட்க மாவட்ட ஆணையம் போதும்.

அந்த மாவட்ட ஆணையம் லட்சத்தீவின் கவரத்தியிலோ கொச்சியிலோ இருக்க வேண்டியதில்லை. பழைய சட்டத்தில் இருந்த அந்த அலைச்சல் போய்விட்டது. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே, மதுரையென்றால் மதுரையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த கட்டணம் 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வழக்குக்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். மழையால் பயணம் ரத்தாகியும் பணம் திரும்பவில்லை என்பது போன்ற சச்சரவுகள் அங்கேயே முடிந்துவிட வாய்ப்புண்டு. ஆப் வழியாக புக் செய்திருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்த்தாக வேண்டும்.

ஆமை கேரண்டி என்று எழுத்தில் சொல்லிவிட்டு ஆமை வரவில்லை என்றால்? கேட்கலாம், பொய்யான வாக்குறுதி தந்து விற்றது முறையற்ற வணிகம். ஆனால் இந்த வழக்கை ஊக்குவிக்க எனக்கு விருப்பமில்லை. ஜெயித்தால் அடுத்த பேட்சுக்கு அவர் ஆமையைப் பிடித்தே வைத்திருப்பார்.

எந்த வழக்கும் தாளில்தான் நிற்கும். நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, யுபிஐ ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பில் தராமல் இருப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம்தான், ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். படிவத்தைக் கையெழுத்துப் போடுமுன் படம் எடுங்கள். போனைப் பைக்குள் போடுமுன் படகின் பதிவு எண்ணையும் ஒரு படம். விபத்து என்றால் கூட வந்தவர்களின் போன் எண்களை அன்றே வாங்கிவிடுங்கள், மறுநாள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘மூச்சுத் திணறல்’ என்று மட்டும் எழுதாமல், எங்கே, என்ன செய்யும்போது என்றும் எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். சாகச விளையாட்டுகளை விலக்கிவைக்கும் பயணக் காப்பீடுகள் பல உண்டு, வாங்கும்போதே ஸ்நார்கெலிங் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. அலட்சியத்தால் உயிர் போனால் அது நுகர்வோர் வழக்கோடு நிற்பதல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் போலீஸ் வழக்கும் உண்டு, ஐந்து ஆண்டு வரை சிறை. ஆமையைப் பிடித்ததை நீங்கள் படம் எடுத்திருந்தால், முகநூலில் போட்டுத் திட்டுவதற்கு முன் வனத்துறைக்கு இடத்தையும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள்.

நிறையப் பேர் கேட்கும் சந்தேகம் ஒன்று மிச்சம். டிக்கெட் மகன் பெயரில், பணம் போனது மருமகள் கணக்கிலிருந்து, அடிபட்டது அப்பாவுக்கு. யார் புகார் கொடுப்பது? அப்பாவே கொடுக்கலாம். பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான் என்று சட்டம் சொல்கிறது. அவர் இல்லாமல் போய்விட்டால் வாரிசுகள் கொடுக்கலாம்.