பனிப்பாறை உணர்த்தும் பொருள்

நம் நாட்டில் உறைபனி பொழிவதில்லை. வைகறையில் பால்மரக் காட்டினூடே படரும் மென்பனியையே நாம் அறிவோம். ஆயினும், "இது பனிப்பாறையின் நுனியே" என்னும் தொடரை நாளிதழ்களில் காண்கிறோம், மேடைகளிலும் கேட்கிறோம். கண்ணால் காணாத ஒரு பொருள் நம் பேச்சில் இடம்பெற்றது எவ்வாறு? சற்று ஆராய்வோம்.

ஆங்கிலேயர் இதனை 'ஐஸ்பெர்க்' என்பர். அது 'பனிமலை' எனப் பொருள்படும் டச்சு மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. கிரீன்லாந்து, அண்டார்டிகா ஆகிய குளிர்நிலங்களில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பொழிந்த பனி இறுகிக் கட்டியாகிறது. மெல்ல நகர்ந்து கடலை அடைகிறது. அங்கே உடைந்து மிதக்கிறது. உப்புக் கடலில் மிதப்பினும் அது நன்னீரே.

ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிராம். அதே அளவு பனிக்கட்டியின் எடை ஏறத்தாழ 917 கிராம். ஆகவே பனிப்பாறை மிதக்கிறது. எனினும் அதில் பத்தில் ஒரு பங்கே வெளியே தெரியும். எஞ்சியது நீருக்குள் மறைந்திருக்கும். மாணவர்களே! ஒரு குவளை நீரில் பனிக்கட்டியை இட்டுப் பாருங்கள், இவ்வுண்மை விளங்கும்.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, 'டைட்டானிக்' என்னும் பெருங்கப்பல் வட அட்லாண்டிக் பெருங்கடலில் பனிப்பாறையொன்றில் மோதியது. மறுநாள் விடியுமுன்னரே அது மூழ்கியது. 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதன் விளைவாக 1914ஆம் ஆண்டில், பனிப்பாறைகளைக் கண்காணித்துக் கப்பல்களை எச்சரிக்கும் பன்னாட்டுச் சுற்றுக்காவல் அமைக்கப்பட்டது.

வெளியே தெரிவது சிறிது, மறைந்திருப்பது பெரிது என்னும்போது இவ்வுவமை பயன்படுகிறது. மருத்துவமனைக்கு வரும் நோயாளர் நுனி. நோயை அறியாமலே வீட்டிலிருப்போர் அடிப்பகுதி என மருத்துவ நூலோர் விளக்குவர். பெரும்பாலும் தீமையைச் சுட்டவே இத்தொடர் வரும். நம் முன்னோர் கூறிய 'நீறு பூத்த நெருப்பு' என்பதும் இதற்கு நெருங்கிய உவமையாகும்.

இரக்கமற்றவரையும் ஆங்கிலேயர் 'ஐஸ்பெர்க்' என்பதுண்டு. இதனை அப்படியே தமிழாக்கினால் பொருள் மாறிவிடும். வெப்ப நாட்டவராகிய நமக்கு 'உள்ளம் குளிர்ந்தது' என்றால் மகிழ்ச்சியன்றோ? இரக்கமற்றவரை நாம் 'கல்நெஞ்சர்' என்றே கூறுவோம்.

பெற்றோர்களே! தேர்ச்சி அறிக்கையில் உள்ள குறைந்த மதிப்பெண்ணும் ஒரு நுனியே. அதன் கீழே மங்கிய பார்வை இருக்கலாம். காலைப் பசி இருக்கலாம். வெளியே சொல்லவியலாத அச்சம் இருக்கலாம். நுனியைக் கண்டு சினந்து பிரம்பை எடுத்தால் பிள்ளையின் வாய் மேலும் மூடிக்கொள்ளும். அருகில் அமர்த்தி, "என்ன அய்யா, என்ன அம்மா?" என்று கேட்டால் மறைந்திருப்பது மேலே வரும்.

மாலுமி நீருக்கடியில் உள்ளதையும் எண்ணிக் கப்பலைச் செலுத்துகிறான். நாமும் அவ்வாறே நம் பிள்ளைகளை வழிநடத்துவோமாக!