கல்யாண வாழ்த்தும் காசு கொடுத்த கையெழுத்தும்

பழங்காகிதம் – 9

மேல்பட்டாம்பாக்கத்து வாசகர் ஒருவர், நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேட்டிருக்கிறார்: "எங்க கல்யாணத்துக்குத் தலைவர் அனுப்பின வாழ்த்துக் கடிதத்தை பிரேம் போட்டு வெச்சிருக்கேன். கையெழுத்தும் இருக்கு. விலை போகுமா?"

கட்சிக்காரர் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலோ, சாமி படமே இல்லாத சுவரிலோ இப்படி ஒரு மடல் தொங்கும். பத்திரிகை அனுப்பினால் வாழ்த்து வரும். முகூர்த்த மாதத்தில் அத்தனை மடலிலும் ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டு மாளுமா? பெரும்பாலும் பிளாக் எடுத்து அச்சடித்ததுதான். அமெரிக்க ஜனாதிபதிகளுக்குக் கையெழுத்துப் போட இயந்திரமே உண்டு.

பிரேமைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். பேனா மை காகித இழையில் லேசாகக் கசிந்திருக்கும். கோடும் கோடும் குறுக்கே வெட்டும் இடத்தில் நிறம் கொஞ்சம் கூடும். அச்சில் அந்த ஏற்ற இறக்கம் இருக்காது, எங்கும் ஒரே கறுப்பு. ரப்பர் ஸ்டாம்ப் என்றால் ஓரத்தில் மை தேங்கி நிற்கும். பால்பாயிண்ட் பேனா காகிதத்தில் பள்ளம் விடும். பின்பக்கம் விரலால் தடவினாலே தெரியும்.

இலவசமாக வந்ததை நம்ப முடியாத இதே ஊரில், காசு கொடுத்து வாங்கியது அசல். பெரியார் கையெழுத்துக்குக் காசு வாங்கினார், இயக்கத்துக்காக. காந்தி ஐந்து ரூபாய் வாங்கினார், ஹரிஜன நிதிக்காக. ஆனால் அசல் என்பதாலேயே அது பெரிய சரக்காகிவிடாது. வெறும் கையெழுத்து என்ன சொல்லும்?

வ.உ.சி.க்கு காந்தி எழுதிய கடிதங்களைப் பாருங்கள். சிறை மீண்டு, கப்பலும் சொத்தும் போய், வக்கீல் சன்னதும் பறிக்கப்பட்டுச் சென்னையில் திண்டாடிய காலம். அவருக்காகத் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் திரட்டிய பணம் காந்தி கைக்குப் போயிருந்தது. அது என்னவாயிற்று என்று 1915இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து அடுத்த ஆண்டும் நீண்டது. கடைசியில் தொகை 347 ரூபாய் 12 அணா. தத்துவம் ஒன்றும் இல்லை. பணம் வந்ததா, வரவில்லையா என்பதுதான் பேச்சு. இதை வைத்து வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ஒரு நூலே எழுதினார். நான் சேகரிப்பவனாக இருந்தால் நூறு வாழ்த்து மடலைக் கொடுத்து இப்படி ஒரு கணக்குக் கடிதம் வாங்குவேன்.

இப்படிப்பட்ட காகிதங்களுக்கு விலையும் உண்டு. 2012இல் காந்தி, அவருடைய தென்னாப்பிரிக்க நண்பர் காலன்பாக் தொடர்பான ஆவணத் தொகுப்பு லண்டனில் ஏலத்துக்கு வர இருந்தபோது, இந்திய அரசு சுமார் 7 லட்சம் பவுண்டுக்கு முன்கூட்டியே வாங்கிவிட்டது. இங்கே உள்ளதை வெளியே விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 வயதைத் தொட்டால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது.

வாசகருக்கு: லேமினேஷன் கடைப் பக்கம் போய்விடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டினால் பிறகு பிரிக்க வழியில்லை. வெயில் படும் சுவரிலிருந்து இறக்கி, செல்லோடேப் இல்லாமல் உறையோடு சேர்த்து வையுங்கள். உறையில் தபால் முத்திரை தெளிவாக இருந்தால் அதன் தேதியை எழுதி அனுப்புங்கள். மடல் அச்சடித்ததாகவே இருந்தாலும் தேதி தெரிந்தால் அந்தக் காலத்து லெட்டர்பேடோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

(தொடரும்)