வன்னியின் இரட்டைக்குழல் துவக்கு: ஒரு வேளாண் கருவியின் சமூக வரலாறும் பேணுகையும்

ஒரு பிரதேசத்து மக்களின் பொருட்பண்பாட்டினை ஆராயப் புகுவோர் கலப்பை, மண்வெட்டி, வண்டில், சுளகு, உரல் முதலியவற்றைப் பட்டியற்படுத்துவது வழக்கம். வன்னிப் பெருநிலப்பரப்பின் வேளாண் வாழ்வைப் பொறுத்தவரை இப்பட்டியலிலே தவறாது இடம்பெற வேண்டியதும் பெரும்பாலும் விடுபட்டுப் போவதுமான கருவியொன்று உண்டு. அதுவே துவக்கு. வேட்டைப் பொழுதுபோக்கின் சின்னமாகவும், பின்னர் போரின் சின்னமாகவும் அது நோக்கப்பட்டமையால், பயிரைக் காத்த கருவி என்ற வகையில் அதற்குரிய வரலாறு எழுதப்படாது போயிற்று. பழைய இரட்டைக்குழல் துவக்கினைச் சேகரித்தலும் பேணுதலும் மேனாடுகளிலே வசதி படைத்தோரின் விருப்புத் தொழிலாக வளர்ந்துள்ளன. அதே கருவி வன்னியிற் பெற்ற சமூகப் பொருளையும், அதனை ஒரு வரலாற்றுச் சான்றாகப் பேணவேண்டியதன் தேவையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் நிலமும்

தமிழகத்தில் வழங்கும் ‘துப்பாக்கி’யும் ஈழத்தில் வழங்கும் ‘துவக்கு’ம் துருக்கிய மூலத்திலிருந்து வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள். சிங்களத்தில் அது ‘துவக்குவ’ என வழங்கும். துவக்கின் வகைகளைக் குறிக்க மக்கள் ஆக்கிக்கொண்ட பெயர்கள் தூய தமிழாகவே அமைந்தன. குழலின் வாய்வழியே மருந்தையும் சன்னத்தையும் இட்டு இடித்து நிரப்பும் நாட்டுத்துவக்கு ‘இடியன்’ ஆயிற்று. விலங்கு செல்லும் தடத்திலே கட்டிவைக்கப்படுவது ‘கட்டுத்துவக்கு’ ஆயிற்று. அடிக்கும் சுத்தியல் போன்ற உறுப்பினைக் ‘குதிரை’ என்றனர். ஒரு கருவிக்கு மக்கள் இத்தனை பெயர்களைச் சூட்டியுள்ளமை அது அவர்தம் உழைப்போடு கலந்திருந்தது என்பதற்குச் சான்றாகும்.

வன்னி, குளங்களை நம்பிய வரண்ட வலய நிலம். 1902 இல் தொடங்கி 1920 அளவில் நிறைவுற்ற இரணைமடுக் குளமும், பின்னர் புனரமைக்கப்பட்ட வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களும் குடியேற்றத்துக்கு வழிசெய்தன. காட்டினை வெட்டி எழுந்த வயலின் எல்லை காடாகவே இருந்தது. பெரும்போக நெல் கதிர் முற்றும் வேளையிலே காட்டுப்பன்றியும் யானையும், சேனைப் பயிரிலே மானும் மரையும் மயிலும் குரங்கும் இறங்குவன. பரணமைத்து இரவிரவாகக் காவலிருத்தல் இங்கு உழவின் ஒரு பகுதியே. ஓரிரவிற் பன்றிக்கூட்டம் உழக்கிய வயல் ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் கடனாக மாறிவிடும். இப்பொருளியல் நெருக்கடியே துவக்கை வன்னியிலே கலப்பைக்கு அடுத்த நிலைக்கு உயர்த்தியது.

2. கருவியின் அமைப்பும் பொருத்தப்பாடும்

இரு குழல்களும் பக்கம்பக்கமாக அமைந்த வேட்டைத்துவக்கு 19ஆம் நூற்றாண்டிலே முழு வடிவம் பெற்றது. பின்புறத்தே முறித்துத் தோட்டா இடும் முறை பிரான்சிய நாட்டு லெபோசே என்பவரின் ஆக்கமாகும். 1851 இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியின் பின்னர் அது பிரித்தானியத் துவக்குத் தொழிலாளரைக் கவர்ந்தது. 1875 இல் பேர்மிங்ஹாம் நகரின் வெஸ்லி றிச்சேட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அன்சன், டீலி ஆகிய இருவரும், குதிரைகளை உள்ளே மறைத்து, குழலை முறிக்கும்போதே அவை தாமாக ஏறிக்கொள்ளும் எளிய பொறியமைப்பினை உருவாக்கினர். உறுப்புகள் குறைந்த இவ்வமைப்பே மலிவான துவக்குகள் பெருந்தொகையாக உற்பத்தியாவதற்கு வழிவகுத்தது. பேர்மிங்ஹாமும் பெல்ஜிய நாட்டு லியேஜும் குடியேற்ற நாடுகளின் சந்தைக்கெனத் துவக்குகளைச் செய்து குவித்தன.

பெரும்பான்மையாக வழங்கும் ‘பன்னிரண்டு போர்’ என்னும் அளவு, ஓர் இறாத்தல் ஈயத்தைப் 12 சம உருண்டைகளாக்கினால் அவற்றிலொன்றின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு, அதாவது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், குழல் விட்டத்தைக் குறிப்பதாகும். இரு குழல்களில் வலக்குழலின் வாய் பெரும்பாலும் அகன்றும் இடக்குழலின் வாய் சற்றே குறுகியும் இருக்கும். அகன்ற வாய் அண்மையிலே சன்னத்தைப் பரப்பும். குறுகிய வாய் தொலைவிலும் அதனைச் செறிவாகக் கொண்டுசெல்லும். முன்விசை ஒன்றையும் பின்விசை மற்றொன்றையும் இயக்கும். ஆதலால் ஒரு குழலிற் பறவைக்குரிய சிறு சன்னமும் மறு குழலிற் பன்றிக்குரிய பெருஞ்சன்னமும் இட்டு, வருவது எதுவோ அதற்கேற்ப விரலை மாற்றிக்கொள்ளலாம். மேலும், இரு பொறிகளும் தனித்தனியே இயங்குவதால் ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று கைகொடுக்கும். திருத்துவோர் அருகில் இல்லாத காட்டோரக் கிராமத்துக்கு இவ்வமைப்பு எத்துணைப் பொருத்தமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

3. முத்திரைகள் கூறும் செய்தி

பழந்துவக்கொன்றை ஆராய்பவர் முதலில் நோக்க வேண்டியது அதன் அழகையன்று. குழல்களின் அடிப்புறத்தில் அமைந்த சிறு முத்திரைகளையே. பிரித்தானியாவில் இலண்டனிலும், 1813 முதல் பேர்மிங்ஹாமிலும் இயங்கிய சோதனை மனைகள், வழக்கத்திலும் மிகுந்த மருந்தினை இட்டுச் சுட்டுக் குழலின் வலிமையைச் சோதித்த பின்னரே முத்திரையிட்டன. கல்வெட்டாய்வாளருக்கு எழுத்தமைதி எப்படியோ, துவக்கினை ஆராய்பவருக்கு இம்முத்திரை அப்படி. ‘உருண்டைக்கன்று’ என்னும் பொருள்பட்ட ஆங்கிலத் தொடர் காணப்படின், அத்துவக்கு 1875 முதல் 1887 வரையான காலத்தது என்றும், வாய் குறுகிய குழலையுடையது என்றும் அறியலாம். சதுர அங்குலத்துக்கு இத்தனை தொன் அமுக்கம் எனக் குறித்திருப்பின் அது 1954ஆம் ஆண்டு விதிகளின் பின்னர் சோதிக்கப்பட்டது.

முத்திரை காலத்தை மட்டுமன்றி ஆபத்தையும் அறிவிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுற்றி உலையிற் பற்றவைத்துச் செய்த ‘டமஸ்கஸ்’ குழல்கள் பெருவழக்காயிருந்தன. நீரலை போன்ற கோலம் கொண்ட இக்குழல்கள் பெரும்பாலும் கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. புகையற்ற மருந்துக்கெனச் சோதிக்கப்பட்ட முத்திரை இல்லாதவற்றில் இக்காலத் தோட்டாவை இடுவது உயிராபத்தாகும். அவ்வாறே 65 மில்லிமீற்றர் நீளத் தோட்டாவுக்கென அமைந்த அறையில் 70 மில்லிமீற்றர்த் தோட்டா பல வேளைகளில் உட்புகும். ஆயின் சுடும்போது அதன் முனை விரிய இடமின்றி அமுக்கம் மிகும். புகுந்துவிட்டதென்பது பொருந்துகிறதென்பதற்குச் சான்றாகாது.

4. பேணுகை

வன்னியின் காலநிலை இரும்புக்குப் பகையானது. ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை நீளும் வடகீழ்ப் பருவமழைக் காலத்து ஈரலிப்பும், முல்லைத்தீவு போன்ற கரையோரங்களின் உப்புக்காற்றும் துருவை விரைவுபடுத்துகின்றன. கரிமருந்தின் எச்சமும், பழைய தோட்டாக்களின் தீப்பற்றி விட்டுச்செல்லும் உப்பும் காற்றின் ஈரத்தை ஈர்ப்பன. அவ்வுப்பு எண்ணெயிற் கரையாது, நீரிற் கரையும். ஆதலாற் சுட்ட பின்னர் குழலை வெந்நீராற் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பின்னரே மெல்லிய எண்ணெய்ப் பூச்சிடுவது சரியான முறையாகும். தாவர எண்ணெய்கள் நாட்பட்டாற் காறி அமிலத்தன்மை பெறுமாதலின் பொறிகளுக்குக் கனிம எண்ணெயே ஏற்றது. மரப்பிடிக்கு மாத்திரம் ஆளிவிதை எண்ணெயை மிகச் சிறிதாகத் தேய்த்தல் தகும். துவக்கைக் குழல்வாய் கீழாக நிறுத்தி வைப்பின் எண்ணெய் வழிந்து பிடி மரத்தினுட் சுவறி அதனை உளுத்துப்போகச் செய்யாது.

துவக்கு நலமாயுள்ளதா என்பதை அறியச் சில எளிய சோதனைகள் உண்டு. குழல்களைத் தனியே கழற்றிக் கொக்கியிலே தூக்கிப் பிடித்து, மரக்குச்சியால் மெல்லத் தட்டினால் மணியோசை போல நீண்டொலிக்க வேண்டும். மங்கலான ஒலி, இரு குழல்களையும் நடுப்பட்டையோடு இணைக்கும் ஈயப்பற்று விட்டுப்போயிற்று என்பதைக் காட்டும். மூடிய நிலையில் ஒளிக்கு நேரே பிடித்து நோக்கும்போது குழலின் அடிக்கும் பொறிப்பெட்டியின் முகத்துக்குமிடையே ஒளி புகுமாயின் கீல் தேய்ந்துவிட்டதெனக் கொள்ளலாம். குழலின் நீலக்கருமை தேய்ந்துபோனதைக் கண்டு புதுமெருகிட முற்படுவோர் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். கொதிக்கும் காரக்கரைசலில் அமிழ்த்தும் இக்கால முறை ஈயப்பற்றினைத் தாக்குமாதலால், இரட்டைக்குழலுக்கு மெல்லத் துருவேற்றித் தேய்க்கும் பழைய முறையே உரியது. பழம்பொருளின் தேய்வும் வரலாற்றின் ஒரு பகுதியே. தோளிலிட்ட வாரின் தடம், பிடியிலே கை பட்டு வழவழத்த இடம், ஊர்க்கொல்லன் பொருத்திய செப்புத்தகடு ஆகியவற்றை அகற்றிவிட்டாற் கிடைப்பது பளபளப்பான இரும்பு மாத்திரமே.

5. அநுமதிப்பத்திரமும் அதிகாரமும்

துவக்கினைத் தனியொரு பொருளாக நோக்குவது அதன் வரலாற்றின் பாதியையே காட்டும். அதனை வைத்திருக்க யாருக்கு உரிமை இருந்தது என்னும் வினாவே மறுபாதி. 1803 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியமையும், அவ்வாண்டு ஒக்ரோபரிற் கற்சிலைமடுவிலே கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையால் முறியடிக்கப்பட்டமையும் வன்னி மக்களின் படைக்கலம் குறித்து ஆட்சியாளர் கொண்டிருந்த அச்சத்துக்குத் தொடக்கமெனலாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்கை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அநுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எதைச் சுடலாம், எங்கே சுடலாம் என்பதை வரையறுத்தது. அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் வகையில் இதன் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் பயிர்காக்கத் துவக்குக் கேட்பவர் தம் நிலத்தைக் காரணங்காட்டியே கேட்கவேண்டியிருந்தது. உறுதிக்காணி உடையோன் கச்சேரிப்படி ஏறினான். குத்தகை விவசாயியும் கூலியும் தகரம் தட்டினர். அல்லது இடியனுக்கும் கட்டுத்துவக்குக்கும் சென்று, சட்டத்துக்குப் புறம்பானோர் ஆயினர். வெளிநாட்டு இரட்டைக்குழலும் உள்ளூர் இடியனும் ஒரே வயலின் இரு வர்க்கங்களைக் குறித்து நின்றன.

லெனாட் வூல்ப் 1913 இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய ஆங்கில நாவல் இவ்வுறவினைத் தென்பகுதி வரண்ட வலயத்தை வைத்துக் காட்டுகிறது. சேனை வெட்டும் அநுமதியைத் தன் கையில் வைத்திருந்த தலைமைக்காரனை நோக்கியே, ஈற்றில் வேட்டைக்காரனின் துவக்குத் திரும்புகிறது. வாழ்வுக்கான கருவி வன்முறைக்கான கருவியாவது தனிமனிதக் குணத்தால் மாத்திரமன்று என்பதே அதன் உட்பொருள்.

பின்வந்த வரலாறு இதனைப் பன்மடங்காக்கியது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் தென்னிலங்கை இளைஞரின் கைகளில் இருந்தவற்றுட் பெரும்பாலானவை வேட்டைத்துவக்குகளே. தமிழிளைஞரின் தொடக்ககால ஆயுதங்களுள்ளும் அவை இடம்பெற்றன. 1980களில் எல்லைப்புறக் கிராமங்களின் ஊர்காவற்படையினருக்கு அரசு வழங்கியதும் வேட்டைத்துவக்கே. பன்றிக்கெனச் செய்த சன்னம் அயற்கிராமத்தவன் மீது பாய்ந்தது. 2009 மே மாதத்திலே போர் முடிவுற்றபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் உடுத்த உடையோடு முகாம்களை அடைந்தனர். தலைமுறைகளாக வீட்டு முகட்டிற் செருகியிருந்த துவக்குகளும், அவற்றுக்கான பத்திரங்களும் இவ்விடப்பெயர்விலே மறைந்தன.

காடு மறையவில்லை. மீளக்குடியேறியோரின் வயல்களில் யானையும் பன்றியும் குரங்கும் இன்றும் இறங்குகின்றன. 2025 மார்ச் 15 அன்று பயிரழிக்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை நாடெங்கும் ஐந்து நிமிடத்தில் எண்ணும் கணக்கெடுப்பினை அரசு நடத்தியமை இச்சிக்கல் தீரவில்லை என்பதைக் காட்டும். கட்டுத்துவக்கு இன்றும் விலங்கையும் மனிதரையும் வேறுபாடின்றிக் கொல்கிறது. சன்னம் பட்ட யானை உடனே இறவாது, புண் சீழ்கட்டி நாட்கணக்கில் வதைபட்டு இறப்பதும் உண்டு. துவக்குகளை மீண்டும் பெருக்குவது இதற்கு விடையாகாது. மின்வேலி, கூட்டுக் காவல், உரிய பயிரிழப்பீடு என்பனவே விடைகள். துவக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை அறியாதோர் இவ்விடைகளின் அவசரத்தை உணரமாட்டார்.

6. யாருடைய துவக்கு அருங்காட்சியகத்துக்கு உரியது?

1765 இல் ஒல்லாந்தர் கண்டியிற் கவர்ந்துசென்ற அணிசெய்த பீரங்கியும், வாள்களும், இரு துவக்குகளும் உள்ளிட்ட ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023 இல் இலங்கைக்குத் திருப்பியளித்தது. அவை கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அரசவையின் பொன்னிழைத்த துவக்குக்கு உரிய மதிப்பு, பரணிற் காவலிருந்த உழவனின் தேய்ந்த துவக்குக்கும் உண்டு. தனிப்பட்டவர் பல துவக்குகளைச் சேகரித்துவைத்தல் நம் நாட்டுச் சட்டத்துக்கோ, நாம் கடந்துவந்த காலத்தின் படிப்பினைக்கோ ஒவ்வாதது. இங்கு சேகரிப்பு என்பது பொதுநிறுவனத்தின் பணியாக மாத்திரமே அமையலாம்.

2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இதில் முன்னிற்கலாம். செயலிழக்கச் செய்யப்பட்ட சில துவக்குகளை மாவட்டச் செயலகங்களின் இசைவோடு பெற்று முத்திரைகளைப் பதிவுசெய்தல், எஞ்சியுள்ள அநுமதிப்பதிவேடுகளைத் தொகுத்து யார் பெற்றார், யாருக்கு மறுக்கப்பட்டது என ஆராய்தல், பரண்காவலை அறிந்த முதியோரின் சொற்களையும் கதைகளையும் ஒலிப்பதிவு செய்தல் என்பன உடனடிப் பணிகளாகும். இவற்றுள் மூன்றாவது மிக அவசரமானது. குழலை எண்ணெயிட்டு நூறாண்டு காக்கலாம். அதனைத் தோளிலிட்டு வயல் காத்தோரின் நினைவுக்கு அத்தகைய காப்பு எதுவுமில்லை.