பின் சீட்டில் உட்காருபவர் கவனத்துக்கு!

"மோட்டார் சைக்கிள் டயர் சமாசாரம் நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! வண்டியை ஓட்டுவது வீட்டுக்காரராகவோ பிள்ளையாகவோ இருக்கலாம். பின் டயருக்கு மேலே உட்காருவது பெரும்பாலும் நாம்தான். இது எனக்கு உறைத்தது போன ஐப்பசியில், சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில்.

எங்கள் வீட்டில் இருப்பது ஸ்ப்ளெண்டர் வண்டி. பின் டயர் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. காலேஜில் படிக்கும் என் பிள்ளை சேலத்தில் ஒரு கடையில் புது டயர் போட்டுக்கொண்டு வந்தான். பார்த்தால் பழையதைவிடக் குண்டு!

"எதுக்குடா இத்தனை பெரிசு?"

"பெரிசா இருந்தா மலையிலே ரோட்டை நல்லாப் பிடிக்கும்மா. பார்க்கவும் ஜோரா இருக்கில்லே?"

எனக்கும் சரி என்றுதான் பட்டது.

மறு வாரம் சேலத்தில் ஒரு கல்யாணம். பஸ்ஸில் போன நான், திரும்பும்போது பிள்ளையோடு வண்டியில் வந்தேன். மழைத் தூறல், பனிமூட்டம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழெட்டுதான் தாண்டியிருப்போம். 'கரகர'வென்று சத்தம், கூடவே ரப்பர் தீய்கிற வாடை. நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். டயரின் ஓரம் செயின் கவரில் உரசி, ரப்பர் தூள்தூளாக உதிர்ந்திருந்தது. அது மட்டுமா? சேலை கார்டையே காணோம்!

"குண்டு டயர் வெளியே தெரியணும்னு கழட்டிட்டேம்மா" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

என் பட்டுப் புடவை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தது தெய்வாதீனம். அவனைத் தனியாக மெதுவாக வரச் சொல்லிவிட்டு, பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிக்கொண்டேன்.

மறுநாள் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் மெக்கானிக்கிடம் நானே கூடப் போனேன். "மாட்டுறப்போ நூலளவு இடைவெளி இருந்திருக்குங்கம்மா. ரெண்டு பேர் பாரத்தோட ஏத்தத்துல வளைச்சா டயர் பிதுங்கும், உரசும்" என்றவர், டயரில் உள்ள எண்களைப் படிக்கவும் சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் வண்டிக்கு உரிய அளவு 80/100-18. முதல் எண், டயரின் அகலம் 80 மில்லிமீட்டர் என்கிறது. நடு எண், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. இங்கே 100, அதாவது அதே 80 மில்லிமீட்டர். கடைசி எண், டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், 18 அங்குலம். பையன் போட்டு வந்ததோ 100/90-18. அகலம் 20 மில்லிமீட்டர் அதிகம். டயரின் மொத்த விட்டமும் 20 மில்லிமீட்டர் கூடிவிட்டது.

சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். அதே இன்ஜின் அதை இழுக்க வேண்டுமே! அதனால்தான் ஏற்றத்தில் வண்டி திணறியிருக்கிறது. குறுகலான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அது நடுவில் மேடாகக் குவிந்துவிடும். நினைத்த அளவு தரையில் படியாது. வளைவில் சாய்ந்து எழும்போதும் மந்தமாக இருக்கும். 34 சைஸ் உடம்புக்கு 38 சைஸ் ரவிக்கை தைத்த கதைதான்!

சரி, மழைக்கு எது பிடிப்பு? அதே அளவில், வரிப்பள்ளங்கள் ஆழமாக உள்ள நல்ல டயரும், சரியான காற்றும்தான்.

நாம் கவனிக்க வேண்டியவை:

* வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள டயர் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, அதையே கேட்டு வாங்குங்கள்.

* அளவை அடுத்து வரும் எண் பாரத்தைக் குறிக்கும். 48 என்றால் 180 கிலோ, 54 என்றால் 212 கிலோ. கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த எண் வேண்டவே வேண்டாம்.

* தயாரித்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 1224 என்றால் 2024-ம் வருஷத்தின் 12-வது வாரம். வெகு நாள் கடையில் கிடந்ததை வாங்காதீர்கள்.

* பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால், சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் அது இருக்க வேண்டும்.

* பின்னால் ஆள் உட்கார்ந்தால் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பதும் புத்தகத்தில் இருக்கும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்ப்பது நல்லது.

* வரிப்பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது. மலையில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்கவே வேண்டாம்.

* பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். சேலை கார்டைக் கழற்ற விடாதீர்கள்.

பழைய அளவிலேயே டயர் போட்டாயிற்று. வண்டி மூச்சு வாங்காமல் மலை ஏறுகிறது. சேலை கார்டும் திரும்ப வந்துவிட்டது.

ஒன்று தெரியுமா? பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டுமே என்றுதான் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்தார். 1888-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பிள்ளை மேல் உள்ள கரிசனத்தில் பிறந்தது டயர். அதன் அளவை நாமும் கொஞ்சம் கரிசனமாகப் பார்த்து வாங்கினால் என்ன?