அரமும் காற்று வழியும்

நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ 1920-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளொன்றைத் தம் கொட்டகையிலேயே திருத்தித் திருத்தி, 1967-இல் அமெரிக்க உப்புவெளியில் மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அதைப் படித்த துணிவில் நானும் அரமெடுத்தேன்.

சிலிண்டர் ஹெட்டில் காற்றும் பெட்ரோலும் புகும் வழியையும், புகை வெளியேறும் வழியையும் அராவிச் சீர்செய்வதே போர்ட்டிங். அகலமாக்கினால் ஆற்றல் பெருகும் என்றெண்ணித் தாராளமாகக் குடைந்தேன். வழி அகலவே காற்றின் விரைவு குன்றிற்று. மெல்லச் செல்கையில் வண்டி திணறிற்று. குடைந்த உலோகம் திரும்ப வருமா?

வேறு ஹெட் வாங்கி, இம்முறை வார்ப்புப் பிசிறுகளையும், கேஸ்கெட்டின் வாய்க்குள் துருத்திய விளிம்பையும் மட்டுமே அகற்றினேன். புகைவழியை மெருகிட்டேன், அங்கே கரி எளிதில் படியாது. காற்று வழியையோ சற்றுச் சொரசொரப்பாகவே விட்டேன். வழுவழுப்பான சுவரில் பெட்ரோல் படிந்து வழியும். சொரசொரப்பிருந்தால் காற்றோடு கலந்தெழும்.